மணற்காடு முதல் சுண்டிக்குளம் வரை: மாரி கழிந்த விடுமுறைக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் யாழ்ப்பாணத்தில், பருத்தித்துறைக்குத் தெற்கே வல்லிபுரத்தில் தொடங்கி மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று இறங்கிச் சுண்டிக்குளம் வரை போகும் கரையைப் பற்றிய பக்கம் இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி (கடல்நீரேரி), நடுவில் மணல்மேடும் சவுக்கும் பனையும் பற்றைக்காடும். மூன்று நாள் சும்மா இருந்து, நடந்து, சாப்பிட்டு, பறவை பார்த்து வர விரும்புகிறவர்களுக்கானது. ஆட்டம் பாட்டம் தேடுகிறவர்களுக்கு இந்தக் கரை ஒத்துவராது.

எந்த மாதம் வந்தால் நல்லது?

தை (ஜனவரி) நடுப்பகுதியிலிருந்து மாசி (பெப்ரவரி) முடியும் வரை. அதாவது பொங்கல் கழிந்த பிறகு.

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டிவிடும். நவம்பர்தான் உச்சம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவதும் இந்த நாட்களில்தான். 2020 டிசம்பர் தொடக்கத்தில் ‘புரெவி’ புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. தை பாதியானதும் மழை ஓயும். கழியில் தண்ணீர் இருக்கும், ஆனால் வற்றத் தொடங்கியிருக்கும், பற்றைகள் பச்சையாக நிற்கும், வெயில் சுடாது. விடியலில் 22, 23 பாகை, மத்தியானம் 28, 29. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பது இந்த ஊருக்குக் கொஞ்சம் மிகை. என்றாலும் விடியப்புறம் மணலில் நடக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சுவெற்றர் வேண்டும்.

எங்களுக்கு டிசம்பரில்தான் லீவு. வரவே கூடாதா?

வரலாம். ஆனால் கரையில் அறை எடுக்காமல் பருத்தித்துறையிலோ நெல்லியடியிலோ யாழ்ப்பாண நகரிலோ தங்கி, வானம் வெளிக்கும் நாளில் மட்டும் கரைக்குப் போய் வாருங்கள். முன்பணம் கட்டும்போது, வானிலை எச்சரிக்கை வந்தால் திகதி மாற்றித் தருவார்களா என்று கேட்டு வட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கி வையுங்கள். கனடா, இலண்டன் உறவுகள் வந்து இறங்கும் நேரம் என்பதால் அறையும் வாடகை வானும் விலை ஏறும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை நம்பி இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இன்னும் கவனம்: மாரிக் கடலில் அதை நிறுத்திவைப்பதுண்டு. பலாலிக்கு வரும் சென்னை விமானத்தையும் விசாரித்து வையுங்கள்.

எந்த வழியாகப் போவது?

மூன்று வழி உண்டு. முதலாவது, யாழ்ப்பாணம்–நெல்லியடி–பருத்தித்துறை போய், அங்கிருந்து மருதங்கேணி வீதியால் தெற்கே இறங்குவது. வல்லிபுரம், மணற்காடு எல்லாம் இந்த வழியில்தான். இரண்டாவது, ஏ9 வீதியால் வந்து இயக்கச்சியில் கிழக்கே திரும்பிக் கட்டைக்காட்டுப் பக்கம் ஏறுவது. சுண்டிக்குளத்துக்கு மட்டும் போகிறவர்களுக்கு இது சுருக்கம். மூன்றாவது, பரந்தனில் முல்லைத்தீவு வீதியால் திரும்பிக் கண்டாவளைப் பக்கமாகக் கழியின் மேற்கு, தெற்குக் கரைக்கு வருவது.

மூன்றாவது வழியில் ஒரு சிக்கல். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் கண்டாவளை வெளியைத் தாண்டித்தான் சுண்டிக்குளம் கழிக்கு வரும். கிளிநொச்சியில் வெயில் எறித்தாலும் கீழே வீதி முழங்காலளவு தண்ணீரில் கிடக்கலாம். புறப்படும் காலையில் ‘மழை பெய்யுதா’ என்று கேட்பதைவிட ‘இரணைமடுக் கதவு திறந்திருக்கா’ என்று கேளுங்கள். சுண்டிக்குளத்தில் கழியையும் கடலையும் பிரிக்கும் ஒடுங்கிய மணல்திட்டையும் பெருமழை உடைத்துவிடும். அப்படி உடைத்த நாளில் குறுக்கே போக நினைக்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வருகிறவர்கள் கொடிகாமத்தில் இறங்கினால் பருத்தித்துறை பஸ் பிடிக்கலாம். பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் பஸ் ஓடுகிறது, ஆனால் அடிக்கடி அல்ல. ஏறும்போதே கொண்டக்ரரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டுவிடுங்கள். பெற்றோல், காசு, மருந்து மூன்றையும் நெல்லியடி, பருத்தித்துறை, கிளிநொச்சி ஆகிய இடங்களில் முடித்துக்கொண்டுதான் கரைக்கு இறங்க வேண்டும். போன் சிக்னலும் சில இடங்களில் அறுந்துபோகும். வீட்டாருக்கு எந்த வழியால் போகிறீர்கள் என்று முன்னரே சொல்லி வையுங்கள்.

வான், கார் மணலில் புதைந்தால்?

புதைவது இரண்டு விதம். மணலில் புதைவது சின்னத் தொல்லை, கழிச் சேற்றில் புதைவது பெருந்தொல்லை.

மணலில் சில்லு சுழன்றவுடன் அக்சிலறேற்றரை விடுங்கள். மேலும் அமத்தினால் வண்டி தன் குழியைத் தானே தோண்டி, அடிப்பாகம் மணலில் குந்திவிடும். எல்லாரும் இறங்குங்கள். ரயர்க் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 18 அளவுக்கு இறக்குங்கள். ரயர் சப்பளிந்து மணலில் கூடுதல் இடம் பிடிக்கும். சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் மணலைக் கையால் வாரி எடுத்துவிட்டு, கீழே காய்ந்து கிடக்கும் பனங்காவோலையை அடுக்கிக் கொடுத்து, வந்த தடத்திலேயே பின்னுக்கு மெதுவாக எடுங்கள். தார் வீதி ஏறியதும் காற்றடிக்காமல் வேகமாக ஓட்டினால் ரயர் சூடேறி வெடிக்கலாம், எனவே கையில் ஒரு சின்னப் பம்ப் வேண்டும்.

கழி வற்றிய இடத்தில் மேலே வெள்ளைப் பொருக்கு படர்ந்து சிமெந்துத் தரை போலத் தெரியும். அதற்குக் கீழே கறுத்த சேறு. குதிக்காலால் ஓங்கி ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். பொருக்கு உடைந்து கறுப்புத் தெரிந்தால் மோட்டார் சைக்கிளைக்கூட இறக்கக் கூடாது. அங்கே புதைந்தால் உழவு இயந்திரம் வரும் வரை காத்திருப்பதுதான்.

கடலில் குளிக்கலாமா?

இந்தக் கிழக்குக் கரையில், இந்த மாதங்களில், வேண்டாம். வாடைக் காற்று நேரே கரைக்கு அடிக்கும் காலம் இது. கரை செங்குத்தாக இறங்கும்; உடைந்த அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். அலை உடையாமல், கலங்கிய நிறத்தில், அமைதியாகத் தெரியும் ஒரு பட்டைதான் ஆட்கள் இறங்க விரும்பும் இடம். உண்மையில் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடும் வாய்க்கால் அதுதான். அதில் மாட்டியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்துக் களைத்துப் போகக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகே திரும்ப வேண்டும். கரைவலைக்காரரே இந்தக் கடலில் பெரும்பாலும் பங்குனிக்குப் பிறகுதான் வலை வளைக்கிறார்கள். அவர்கள் இறங்காத கடலில் விடுமுறைக்கு வந்தவர் இறங்குவதில் என்ன வீரம்?

பிள்ளைகள் குளித்தே தீருவோம் என்றால் ஒரு நாளை ஒதுக்கிக் காரைநகர் கசூரினாவுக்குப் போங்கள். அங்கே நெடுந்தூரம் இடுப்பளவுதான் ஆழம். காற்று பலமான நாளில் அங்கும் தண்ணீர் கலங்கும். ஒருவர் கரையில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

காடு என்கிறீர்கள். என்ன காடு?

சிங்கராஜா மழைக்காடு மாதிரி எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இது வறண்ட வலயக் கரையோரக் காடு. கடலிலிருந்து உள்ளே நடந்தால் அடுக்கடுக்காக மாறும். முதலில் மணலைப் பிடித்துக் கிடக்கும் அடம்பன்கொடி, அதன் ஊதாப் பூ. அடுத்து முள்முள்ளாக உருண்டு திரியும் இராவணன் மீசை. பின்னால் தாழை. மணற்காட்டில் மேட்டுக்குப் பின்னால் நட்டு வளர்த்த சவுக்கங்காடு. அதற்குள் நுழைந்ததும் கடலிரைச்சல் அமர்ந்து, மேலே ஊசியிலைகளின் சீறல் மட்டும் கேட்கும். சவுக்கஞ்சருகு மெத்தை போல் கிடக்கும். அது எளிதில் உக்காது, கீழே வேறு செடியையும் அவ்வளவாக வளரவிடாது. அதனால்தான் உள்ளே அவ்வளவு வெளியாக இருக்கிறது. பாய் விரித்துப் படுக்க ஏற்ற இடம். ஆனால் காற்று வீசும் நாளில் சவுக்கின் கீழ் கூடாரம் வேண்டாம், கிளை முறியும். நெருப்பும் மூட்டாதீர்கள், சருகு பற்றினால் மண்வெட்டியால் அணைக்க முடியாது.

தெற்கே போகப் போகப் பனையும், பாலையும் வீரையும் கலந்த பற்றைக்காடும். கழியோரத்தில் கண்டல், சேற்றிலிருந்து பென்சில் முனை போல நிமிர்ந்து நிற்பவை கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள். அவற்றை மிதித்து நடப்பது மரத்தின் மூச்சை மிதிப்பது, காலுக்கும் நல்லதல்ல.

மணல்மேட்டில் ஜீப் ஏற்றி விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது மேலே கிடக்கும் கொடிதான். கொடி அறுந்தால் மேடு நடக்கத் தொடங்கும். மணலில் பாதி மூழ்கிக் கிடக்கும் மணற்காட்டின் பழைய அந்தோனியார் கோயில் இடிபாட்டைப் பார்த்தால் போதும், விளக்கம் தேவையில்லை.

பூநாரை நிச்சயமாகத் தெரியுமா?

யாராவது நிச்சயம் என்று சொல்லிப் பணம் வாங்கினால் நம்பாதீர்கள். பூநாரைக்கு ஆழம் குறைந்த உப்புத்தண்ணீர் வேண்டும். தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்றைக் கலக்கி, அலகால் வடித்துத் தின்னும் பறவை அது. மழை கூடிய ஆண்டில் கழி ஆழமாகவே கிடந்தால் மன்னார் வங்காலைப் பக்கமோ வேறெங்கோ நிற்கும். நீர் வற்றத் தொடங்கும் தை கடைசி, மாசி, பங்குனிதான் வாய்ப்பான காலம். நவம்பரில் வந்து ‘ஒரு பறவையும் இல்லை’ என்று திரும்புகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

நேரமும் திசையும் முக்கியம். தையில் சூரியன் காலை 6.30 அளவில் உதித்து மாலை 6.10 அளவில் மறையும். காலையில் கரையோர வீதியில் நின்று மேற்கே கழியைப் பாருங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், இறகின் இளஞ்சிவப்பு அப்படியே தெரியும். மாலையில் கண்டாவளைப் பக்கமிருந்து கிழக்கே பாருங்கள். மாறி நின்றால் கறுப்பு உருவங்கள்தான் மிஞ்சும். 8×42 தொலைநோக்கி போதும்.

கிட்டப் போகும்போது கூட்டத்தைக் கவனியுங்கள். எல்லாத் தலையும் தண்ணீருக்குள் இருந்தால் பயமில்லை. ஓரத்தில் நிற்கும் ஒன்றிரண்டு கழுத்தை நீட்டி நிமிர்ந்தால் அங்கேயே நில்லுங்கள். பிறகு கூட்டம் ஒரே திசைக்கு நடக்கத் தொடங்கும்; இன்னும் முன்னேறினால் எழும்பிவிடும். படத்துக்காக வேண்டுமென்றே எழுப்புவது அநியாயம். தின்று சேர்த்த பலத்தை அது பறந்தே தொலைக்கும்.

பூநாரை இல்லாவிட்டாலும் கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, நெடுங்கால் உள்ளான், ஆலா என்று கழி வெறுமையாக இருக்காது.

சுண்டிக்குளத்துக்கு அனுமதி வேண்டுமா?

1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. பூங்கா எல்லைக்குள் போக அங்குள்ள அலுவலகத்தில் ரிக்கற் எடுக்க வேண்டும். உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு. அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். ட்ரோனுக்குத் தனி அனுமதி தேவை, ‘கொஞ்ச நேரம்தானே’ என்று பறக்கவிட்டால் பறிபோகும். பொதுவீதியில் நின்று பார்க்கவே நிறைய உண்டு என்பதால், ஒரு காலைக்கு வருகிறவர்கள் உள்ளே போகாமலும் திருப்தியாகத் திரும்பலாம்.

மிதிவெடி இன்னும் இருக்கிறதா?

நீங்கள் போகும் வீதிகளும் ஊர்களும் கரையும் மக்கள் தினமும் புழங்கும் இடங்கள். ஆனால் முகமாலை, கிளாலிப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகளாக நீண்டது. வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய வெடிபொருளைப் புதிய இடத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்பு அடையாளமோ தெரிந்தால் வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். ஆள் நடமாட்டத் தடம் இல்லாத பற்றைக்குள் சிறுநீர் கழிக்கக்கூட இறங்க வேண்டாம். துருப்பிடித்த இரும்பைக் கண்டால் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துப் பொலிசுக்கு, 119இல், அறிவியுங்கள்.

பாம்பு, முதலை, காய்ச்சல்?

மணல் நிலத்தில் சுருட்டை விரியனும், பற்றை ஓரத்தில் புடையனும் உண்டு. இருட்டியபின் செருப்பும் ரோச் லைற்றும் இல்லாமல் முற்றத்துக்குக்கூட இறங்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடித்த உறுப்பை அசைக்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வடமராட்சியில் (பருத்தித்துறைப் பக்கம்) நிற்பவர்களுக்கு மந்திகை ஆதார வைத்தியசாலை, தெற்கே நிற்பவர்களுக்குக் கிளிநொச்சி வைத்தியசாலை.

கழியிலும் அதில் விழும் ஆற்றிலும் முதலை இருக்கிறது. தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து கைகால் கழுவுவதைத் தவிருங்கள்.

மாரியும் அதன் பின்னான வாரங்களும் டெங்குக் காலம். நுளம்புவலை உள்ள அறையாகப் பாருங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது; காலில் புண் உள்ளவர்கள் வயல்வெள்ளத்தில் இறங்கக் கூடாது. ஊர் திரும்பிய பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தங்கும் வீட்டில் கூழ் காய்ச்சலாமா?

கட்டாயம். வாடைக் குளிருக்கு அதைவிட வேறு என்ன? மாரிக்கடல் இரைந்தால் பெரிய மீன் விலை ஏறும், ஆனால் கழி நண்டும் இறாலும் வரும். காலையில் கரையில் யாராவது ஒரு அண்ணையைக் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்.

ஆறு பேருக்கு: ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கின் மா) கால் கிலோ, நண்டு ஆறு, மீன் அரைக் கிலோ (தலையோடு), இறால் கால் கிலோ, புழுங்கல் அரிசி ஒரு பிடி, மரவள்ளிக்கிழங்கு ஒரு நடுத்தரத் துண்டு, பயத்தங்காய் பத்து, பலாக்கொட்டை பத்து, செத்தல் மிளகாய் பதினைந்து, மஞ்சள் சிறிது, தேசிக்காயளவு பழப்புளி, முருங்கையிலை இரண்டு பிடி, உப்பு.

மாவை முதலில் நிறையத் தண்ணீரில் ஊற வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் மா அடியில் படியும். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி ஊற வையுங்கள். இந்த வேலையைச் சுருக்கினால் கூழ் கசக்கும், அதற்குப் பிறகு எந்தப் புளியும் காப்பாற்றாது. மூன்று லீற்றர் தண்ணீரில் அரிசி, பலாக்கொட்டை, கிழங்கு போட்டு, அவை முக்கால்வாசி வெந்ததும் நண்டு, பயத்தங்காய். பிறகு மீன், இறால். எல்லாம் வெந்த பின் அரைத்த மிளகாய், மஞ்சள், புளியைக் கரைத்து விட்டு ஒரு கொதி. கடைசியில்தான் மா. ஊறிய மாவைப் பிழிந்து தனியே தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நெருப்பைக் குறைத்து, ஒருவர் ஊற்ற ஒருவர் துழாவ வேண்டும். முருங்கையிலை போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். சட்டியில் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்போதே இறக்குவது சரி. ஆற ஆற இறுகும். பனையோலையில் பிளா (மடித்த ஓலைக் கிண்ணம்) கோலத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் கோப்பை தேவையில்லை.

தையில் பனங்கிழங்கும் கிடங்கிலிருந்து கிளறும் காலம். அவித்த கிழங்கை வழியில் வாங்கிக் கொள்ளுங்கள். நீண்ட பயணத்துக்குப் பருத்தித்துறை வடை இரண்டு பக்கற், நாள்கணக்கில் பழுதாகாது.

வீட்டுக்காரர் மோட்டர் போடாமல் வாளியால் அள்ளச் சொல்கிறார். ஏன்?

இந்தக் கரையில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. மாரி மழைதான் அதை நிரப்புகிறது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறி, அந்த வீட்டார் கோடையில் குடிக்க வழியில்லாமல் போகும். அவர் சொல்வது நியாயம். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் கையோடு கொண்டுபோங்கள்.

ஊருக்குள் கவனிக்க வேண்டியது?

வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குள் ஆண்கள் சட்டை கழற்றிப் போக வேண்டும். ஞாயிறு நல்ல சனம், அமைதி வேண்டுமென்றால் வேறு நாள். மீன் வாடிக்குள் கேட்காமல் நுழைந்து படம் எடுக்காதீர்கள், ‘ஐயா, எடுக்கலாமோ?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். டிசம்பர் 26 இந்தக் கரைக்குத் துக்க நாள். 2004இல் இங்கே ஊர்கள் கடலோடு போயின. உடுத்துறை நினைவாலயத்துக்கு அன்று குடும்பங்கள் வருவார்கள். அன்றைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு கரையில் கூத்தடிக்கும் வான் எதுவும் உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

வந்த பிறகு மழை பிடித்துக்கொண்டால்?

ஒரு நாள் மழை என்றால் வீட்டில் இருந்து கூழ் காய்ச்சுங்கள். வானிலைத் திணைக்களம் தாழமுக்கம் என்று அறிவித்தால் கரையை விட்டு அன்றே நகருக்குத் திரும்புங்கள். வீதியில் தண்ணீர் ஏறிய பிறகு புறப்படுவது வீண். நெடுந்தீவுக்கு மாற்றிப் போகலாம் என்று குறிகட்டுவானுக்கு ஓடாதீர்கள்: கடல் கொந்தளித்தால் முதலில் நிற்பது அந்தப் படகுகள்தான், தீவில் மாட்டிக்கொண்டால் இரண்டு நாளும் ஆகலாம். யாழ்ப்பாணக் கோட்டை, நல்லூர், பொதுநூலகம் என்று நகருக்குள் ஒரு நாளைக் கழித்து, வெளித்த மறுநாள் காலையில் மணற்காட்டுக்கு மட்டும் போங்கள். மழை விட்ட அடுத்த நாள் மணல் இறுகியிருக்கும், நடக்க அதைப்போல் சுகம் இல்லை. சுண்டிக்குளத்தை அடுத்த முறைக்கு வையுங்கள்.